ஒரே உலாவியில் பலர்: காவிரிப் படுகைச் சேவை மையங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 ஆம் தேதி திறக்கப்பட்டு, தண்ணீர் கல்லணையைக் கடந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளாகவே, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் உள்ள இ-சேவை மையங்களிலும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வாசல்களிலும், பிரௌசிங் சென்டர் என்றே ஜனங்கள் இன்றுவரை சொல்லிவரும் சிறு கடைகளிலும் கூட்டம் சேரத் தொடங்கிவிடுகிறது. கடன் மனுவுக்குச் சிட்டா நகல் வேண்டும். பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்றும் சாதிச் சான்றும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றும் வேண்டும். ஐப்பசி பிறந்தால் சம்பாப் பயிருக்குக் காப்பீடு செய்ய வேண்டும். அறுவடை நெருங்கினால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுவதற்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இவற்றுக்கு நடுவே பிரதம மந்திரியின் கிசான் திட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டிய 2000 ரூபாய் ஏன் வரவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை காரியங்களும் நடந்தேறுவது ஒரு மேஜை, ஒரு கணிப்பொறி, அதில் திறந்திருக்கும் ஒரே ஓர் உலாவி ஆகியவற்றின் மூலமாகத்தான். ஒரு கிராமம் முழுவதும் அந்த ஒரு ஜன்னலின் வழியாகவே சர்க்காரோடு பேசுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஒரே உலாவியில் ஒரே சமயத்தில் பல பேருடைய உள்நுழைவுகளை, கணினித் துறையினர் அமர்வு என்று வழங்குவதை, ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நடத்திச் செல்வது எப்படி என்னும் கேள்வியை இந்தப் பின்னணியில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டு மின்னஞ்சல் கணக்கு வைத்திருக்கும் நகரவாசி ஒருவருக்கு இது சௌகரியத்தைப் பற்றிய சில்லறை விஷயமாகத் தோன்றலாம். இரண்டும் அவருடையவையே ஆதலால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று திறந்துகொண்டால் அவருக்கு நேரும் நஷ்டம் அரை நிமிஷம். பாபநாசத்திலோ வலங்கைமானிலோ ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞர் திறந்து வைத்திருக்கும் இரண்டு உள்நுழைவுகளோ இரண்டு குடும்பங்களுடையவை. அவை கலந்தால் ஒரு வீட்டின் நிலமும் மற்றொரு வீட்டின் வங்கிக் கணக்கும் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்துவிடும். அதைப் பிரித்தெடுப்பதற்குத் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்பதைப் படுகைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் இயந்திரத்தைப் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்துவது எப்படி என்ற பிரச்சினை கணினியுலகத்துக்குப் புதிதன்று. 1961 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய சகாக்களும் சி.டி.எஸ்.எஸ். என்ற காலப் பகிர்வு முறையைச் செய்து காட்டினார்கள். பல முனையங்களில் உட்கார்ந்திருந்த பல பேர், ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடாதபடி, ஒரே பெரிய கணிப்பொறியை அதில் பயன்படுத்த முடிந்தது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு கணினியில் பழக்கத்துக்கு வந்ததும் அதனோடுதான். அடுத்த இருபது ஆண்டுகளில் கணிப்பொறி மேஜையளவு சுருங்கித் தனிநபர் சொத்தாகிவிட்டபோது, அதைத் தொடுகிறவர் ஒருவரே என்ற அனுமானமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இணையமும் அதில் உலவுவதற்கான கருவியும் பிறந்தது அந்த அனுமானம் வேரூன்றிய பிறகே. ஆகவே, பெரிய இயந்திரத்தின் காலத்தில் தெளிவாகத் தீர்க்கப்பட்டிருந்த ஒரு பிரச்சினை, உலாவியின் காலத்தில் மறுபடியும் தீராத பிரச்சினையாகத் தலையெடுத்தது.

அது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உலாவிக்கும் சர்வருக்கும் இடையே நடக்கும் சம்பாஷணைக்கு இயற்கையில் ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒருவர்தானா என்று சர்வர் அறிய வழியில்லாதபடியே எச்.டி.டி.பி. என்னும் முறை அமைக்கப்பட்டிருந்தது. 1994 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பணியாற்றிய லூ மொன்டூலி இதற்கு ஓர் உபாயம் கண்டார். சர்வர் முதல் முறை பதிலளிக்கும்போது ஒரு சிறு குறியீட்டையும் சேர்த்து அனுப்புகிறது. உலாவி அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, அதே தளத்துக்கு மறுபடி போகும்போதெல்லாம் தவறாமல் காட்டுகிறது. குக்கீ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டுக்கு 1997 ஆம் ஆண்டில் முதல் முறையாகப் பொதுவிதி எழுதப்பட்டது. நடைமுறையை ஒட்டி அது 2011 ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்டது. அந்த விதிகளைப் படித்துப் பார்த்தால், ஒரு குக்கீக்கு எந்தத் தளத்தின் பெயர், தளத்தினுள் எந்தப் பாதை, எந்தத் தேதியோடு காலாவதி என்பவையெல்லாம் சொல்லப்பட்டிருக்கின்றன. எந்த ஆள் என்பதற்கு மட்டும் இடமே இல்லை. எந்த டேப் என்பதற்கும் இல்லை. ஒரு தளத்தின் உள்நுழைவுக் குறியீடு ஓர் உலாவியில் ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டாவது வந்தால் முதலாவது அழிந்து அதன் இடத்தில் இது உட்கார்ந்துவிடும். இதைக் குறை என்று மொன்டூலியின் மேல் சுமத்துவது நியாயமாகாது. தனக்கென்று ஒரு கணிப்பொறி வைத்திருந்த ஒருவர், கடையில் சாமான் வாங்கும்போது கூடையில் போட்டதைக் கடை மறந்துவிடாமல் இருப்பதே அன்று தீர்க்க வேண்டியிருந்த பிரச்சினை.

இனி மேஜைக்கு வருவோம். ஒரே சமயத்தில் இரண்டு பேருடைய காரியம் திறந்திருக்க வேண்டிய அவசியம் ஏன் ஏற்படுகிறது, ஒருவரை முடித்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடக் கூடாதா என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்கக்கூடும். அதற்கு விடை ஓடிபி. "ஐயா, உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்று மேஜைக்கு அந்தப்புறத்திலிருந்து கேட்டால், "போனு மவன்கிட்டல்ல இருக்கு தம்பி, அவன் திருப்பூர்ல வேல பாக்குறான், நான் கூப்புட்டுக் கேக்குறேன், நீ அதுக்குள்ள அடுத்த ஆளப் பாரு" என்று பதில் வருகிறது. பெரியவர் வெளியே போய்ப் பக்கத்துக் கடைக்காரரின் கைபேசியில் மகனை அழைக்கிறார். வரிசையில் பின்னால் நிற்பவர் காலை வண்டியில் வந்தவர், மதிய வண்டிக்குத் திரும்ப வேண்டியவர். இளைஞர் புதிதாக ஒரு டேப்பைத் திறந்து, அதே தளத்தில் அடுத்தவருடைய எண்ணைப் போடுகிறார். இதில் சோம்பலும் இல்லை, அஜாக்கிரதையும் இல்லை. காத்திருப்பவர்களிடத்தில் காட்டும் மரியாதைதான் இருக்கிறது.

ஆனால் உலாவிக்குள் அந்தக் கணத்தில் நடப்பது வேறு. முதல் டேப்பில் பெரியவரின் எண்ணுக்கு ஓடிபி அனுப்பிய சர்வர், அவருக்காக ஒரு குறியீட்டைத் தந்து, விடை வருமென்று காத்திருந்தது. இரண்டாவது டேப்பில் மற்றவருடைய எண் போடப்பட்டவுடன், தளம் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, பழைய குறியீடு போய்ப் புதிய குறியீடு வந்துவிடுகிறது. அல்லது அதே குறியீட்டின் கீழ் காத்திருப்பவர் பெயர் மட்டும் மாறிவிடுகிறது. பெரியவர் ஓடி வந்து ஆறு எண்களையும் சரியாகவே சொல்கிறார். இளைஞரும் அவற்றை முதல் டேப்பில் சரியாகவே அடிக்கிறார். ஓடிபி தவறு என்று சர்வர் சொல்கிறது. மகன் தப்பாகச் சொல்லிவிட்டானென்று தகப்பனார் அவனைக் கோபித்துக்கொள்கிறார். மூன்று முறை தவறினால் அன்று முழுவதும் அந்த எண்ணை ஏற்காத தளங்கள் உண்டாதலால், ஒருவர் மேலும் பிழையில்லாமலே ஒரு நாள் வீணாகிவிடுகிறது.

இது சாதுவான விளைவு. இருவருமே உள்ளே நுழைந்த பிறகு நேர்வது இதைவிடக் கொடியது. முதல் டேப்பின் திரையில் பெரியவருடைய பெயரே இன்னும் தெரிந்துகொண்டிருக்கும், ஏனெனில் அந்தப் பக்கம் முன்னமே வரவழைக்கப்பட்டது. அதில் அவருடைய புல எண்ணையும் வங்கிக் கணக்கையும் நிரப்பிச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால், உலாவி இப்போது கையிலிருக்கும் ஒரே குறியீட்டை, அதாவது இரண்டாமவருடைய குறியீட்டை, கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. சர்வர் அதை நம்பி அத்தனையையும் இரண்டாமவர் பெயரில் எழுதிக்கொள்கிறது. கொள்முதல் நிலையத்துக் களத்தில் பலருடைய நெல் அடுத்தடுத்துக் குவிந்து கிடக்கையில் ஒரு குவியல் சரிந்து மற்றொன்றில் சேர்ந்துவிட்டால் எந்த மணி எவருடையதென்று சொல்ல முடியாமற் போவதைப் போல, இங்கேயும் கலந்ததற்கு அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை. களத்திலாவது சரிவதைக் கண்ணால் காணலாம். திரையிலோ கடைசி நிமிஷம் வரையில் எல்லாம் ஒழுங்காகவே தோன்றுகிறது.

இவ்வகைக் கலப்பு ஒரு ரகம். இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றொரு ரகமும் உண்டு. அரசின் சான்றிதழ் விண்ணப்பங்களிலும், பொதுச் சேவை மையங்கள் மூலமாகச் செய்யும் பயிர்க் காப்பீட்டிலும், மையத்தை நடத்துபவர் தம்முடைய சொந்தப் பெயரிலேயே உள்ளே நுழைகிறார். குடிமக்கள் அதற்குள்ளே ஒவ்வொரு பதிவாக வருகிறார்கள். இங்கே உள்நுழைவு ஒன்றேயாதலால் குறியீட்டுச் சண்டை கிடையாது. ஆயினும் மென்பொருளை எழுதியவர், 'இப்போது கவனிக்கப்படும் விண்ணப்பதாரர் இன்னார்' என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதி வைக்காமல் சர்வரின் நினைவில் ஒரே ஓர் இடத்தில் குறித்து வைத்திருந்தால், இரண்டு டேப்பில் இரண்டு விண்ணப்பங்களைத் திறந்த மாத்திரத்தில் பிந்தியது முந்தியதை விழுங்கிவிடும். அக்காளின் மதிப்பெண் பட்டியல் தங்கையின் விண்ணப்பத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உலாவியில் எத்தனை தடுப்புச் சுவர் எழுப்பினாலும் இந்த இரண்டாவது ரகத்துக்குப் பரிகாரம் இல்லை. அது எழுதியவருடைய கையில்தான் இருக்கிறது. பழைய முறையில் கட்டிய தளங்களில் இவ்வழக்கம் மிகுதி.

முதல் ரகத்துக்கு உலாவியின் பக்கத்தில் இதுவரை கண்டுள்ள உபாயங்களை வரிசையாக நோக்கலாம். மிகப் பழையதும் இன்றைக்கும் படுகையெங்கும் வழங்குவதும், இரண்டு வெவ்வேறு உலாவிகளை வைத்துக்கொள்வது. குரோமில் ஒருவர், ஃபயர்ஃபாக்ஸில் ஒருவர் என்று பிரித்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அறியா. கைரேகைக் கருவியின் மென்பொருள் எந்த உலாவியோடு ஒத்துப்போகிறதோ அதையே நம்பியிருக்கும் மையங்களில் இந்த ஏற்பாடும் பாதியிலே நின்றுவிடுகிறது. ஒரு காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், நிரலைத் தனித்தனியே துவக்கினால் ஜன்னலுக்கு ஒரு குக்கீக் கூட்டம் கிடைத்துவந்தது. 2009 ஆம் ஆண்டில் வந்த எட்டாம் பதிப்பு அந்த ஜன்னல்களையெல்லாம் ஒரே அமர்வுக்குள் இணைத்து, வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மட்டும் புதிய அமர்வு என்று ஓர் இனத்தைக் கோப்புப் பட்டியலுக்குள்ளே வைத்தது. அரசுத் தளங்கள் பல அந்த உலாவியையே கட்டாயமாகக் கேட்டுவந்த நாட்கள் அவை என்பதை நினைத்துப் பார்த்தால், அறியாமலே எத்தனை பதிவுகள் அப்போது கலந்திருக்கும் என்ற கவலை எழாமற் போகாது.

அந்தரங்க ஜன்னல் அடுத்தது. 2005 ஆம் ஆண்டில் சஃபாரியிலும், 2008 ஆம் ஆண்டில் குரோமோடு கூடவே இன்காக்னிட்டோ என்ற பெயரிலும் வந்த இந்த வசதியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருப்பதால் அதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு பேருக்கு நான்கு இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தால் நால்வரும் தனித்தனி என்று பலர் எண்ணுகிறார்கள். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அப்படியன்று. ஒரே சமயத்தில் திறந்திருக்கும் அந்தரங்க ஜன்னல்கள் அத்தனைக்கும் குக்கீக் கூட்டம் ஒன்றே, கடைசி ஜன்னலை மூடும் வரையில் அது அழிவதும் இல்லை. சஃபாரி மட்டும் இவ்விஷயத்தில் டேப்புக்கு டேப் பிரித்து வைக்கிறது. ஆனால் படுகையின் மேஜைகளில் ஆப்பிள் கணினி இருப்பது அரிது. ஆகையால் சாதாரண ஜன்னலில் ஒருவர், அந்தரங்க ஜன்னலில் ஒருவர் என்று இரண்டு பேருக்கே இது தாங்கும். மூன்றாமவர் வந்தால் பழைய கலப்பு மறுபடியும் வந்துவிடும், அதிலும் நான் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன் என்ற தைரியத்தோடு வரும். அதுவே அதிக அபாயம்.

2011 ஆம் ஆண்டின் முடிவில் குரோம் உலாவி புரொஃபைல் என்னும் பிரிவினையைப் பொதுமக்களுக்குத் தந்தது. ஒரே உலாவிக்குள் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிக் குக்கீ, தனிப் பாஸ்வேர்டுச் சேமிப்பு, தனி வரலாறு. ஜன்னலின் தலைப்பிலே தனி நிறம். ஃபயர்ஃபாக்ஸில் இவ்வேற்பாடு அதற்கும் முன்னமே இருந்ததாயினும் கட்டளை வரியில் எழுதித் திறக்க வேண்டிய நிலையில் இருந்தமையால் சாமானியர் கைக்கு எட்டவில்லை. சஃபாரிக்கு 2023 ஆம் ஆண்டில்தான் இது வந்தது. புரொஃபைல் உறுதியான பிரிவினை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது நிரந்தரமானவர்களுக்காக அமைந்தது. பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒருவருக்குப் புரொஃபைல் உண்டாக்குவது, அவர் போன பிறகும் அவருடைய சுவடுகளை அந்த இயந்திரத்திலேயே குடியமர்த்துவதாகும்.

இவற்றுள் என் அபிப்பிராயத்தில் மேஜையின் தேவைக்கு மிக அருகில் வருவது, மொசில்லா நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸுக்கு அளித்த கன்டெய்னர் என்னும் முறை. இதில் ஒரே ஜன்னலுக்குள் டேப்புக்கு டேப் குக்கீக் கூட்டம் பிரிகிறது. எந்த டேப் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் நிறக்கோடு ஒன்று டேப்பின் ஓரத்தில் நிற்கிறது. ஒரு கன்டெய்னரை நீக்கினால் அதற்குள் இருந்த குக்கீகளும் ஒழிகின்றன. ஆட்களின் பெயரில் கன்டெய்னர் வைப்பதைவிட நாற்காலிகளின் பெயரில் வைப்பது விவேகம். முதல் நாற்காலிக்குப் பச்சை, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள் என்று நிர்ணயித்துக்கொண்டு, யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த நிறத்து டேப்பிலேயே அவர் காரியத்தைத் தொடங்கி, வெளியேறும் பொத்தானை அழுத்தி முடித்து, மாலையில் மூன்றையும் நீக்கிப் புதிதாக வைத்துக்கொண்டால், ஓடிபிக்காக ஒருவர் வெளியே போய் எவ்வளவு நேரங்கழித்து வந்தாலும் அவருடைய இடம் அவருக்கென்றே இருக்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இதைச் செய்து தருவதாகச் சொல்லும் வேறு பல நீட்டிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை எல்லாத் தளங்களின் குக்கீகளையும் வாசிக்கும் அனுமதியைப் பெற்றுக்கொண்டே வேலை செய்பவையாதலால், ஊராருடைய ஆதாரும் நிலமும் புழங்குகிற கணிப்பொறியில், ஆக்கியவர் இன்னாரென்று தெரியாத ஒரு நீட்டிப்பைப் போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

சர்வரின் பக்கத்தில் செய்யக்கூடியவற்றை இனிக் கவனிப்போம். ஆரம்பகாலத் தளங்கள் சில, உள்நுழைவுக் குறியீட்டைக் குக்கீயில் வைக்காமல் முகவரியிலேயே எழுதின. டேப்புக்கு டேப் முகவரி வேறாதலால் கலப்பும் நேரவில்லை. ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து ஒருவருக்கு அனுப்பினால் உள்நுழைவையே அவருக்குத் தானம் செய்ததாகிவிடும் என்ற பேராபத்து இருந்தபடியால் அது சரியாகவே கைவிடப்பட்டது. கூகுள் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் ஒரு நடுவழி கண்டது: ஒரே உலாவியில் பல கணக்குகளை ஏற்று, முகவரியில் 0, 1, 2 என்று வரிசை எண்ணை மட்டும் எழுதி, ரகசியத்தைக் குக்கீயிலேயே வைத்தது. எண் மட்டும் வெளியே போனால் எவருக்கும் பயனில்லை. தற்காலத்துத் தளங்கள் பல, டேப்புக்கென்றே அமைந்த சேமிப்பறையில் குறியீட்டை வைக்கின்றன. இதனால் கலப்பு இயல்பாகவே நின்றுவிடுகிறது. ஆனாலும் அதே டேப்பை நகலாகத் திறந்தால் சேமிப்பறையும் நகலாகிவிடுவதால், புதிய ஆளுக்கு வெற்று டேப்பையே திறக்க வேண்டும் என்பதை மேஜையில் இருப்பவர் மறக்கலாகாது.

வேறொரு காரணத்துக்காகப் பிறந்து இந்தப் பிரச்சினைக்கும் உதவுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. வெளித்தளம் ஒன்று, உள்ளே நுழைந்திருப்பவருடைய பெயரால் அவரறியாமல் விண்ணப்பத்தை அனுப்பிவிடும் மோசடியைத் தடுப்பதற்காக, ஒவ்வொரு படிவத்தினுள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை வைக்கப்படுகிறது. அந்த முத்திரை உள்நுழைவோடு பிணைக்கப்பட்டிருக்குமானால், பெரியவருடைய உள்நுழைவில் பெற்ற படிவம் இரண்டாமவருடைய குக்கீயோடு வந்து சேரும்போது இரண்டும் பொருந்தாமல் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிடும். சேமிக்க மறுத்துப் பிழைச்செய்தி காட்டுகிற தளத்தை மேஜையில் இருப்பவர் சபிக்கக்கூடும். உண்மையில் அந்த மறுப்புதான் இரண்டு குடும்பங்களைக் காப்பாற்றியது. இன்னொரு காரியம் இதைவிடச் சுலபம்: சேமிக்கும் பொத்தானுக்கு நேர் மேலே, யாருடைய பெயரில் இது பதியப்போகிறது என்பதை, முன்பு வரவழைத்த பக்கத்திலிருந்து எடுக்காமல் அந்தக் கணத்தில் சர்வரைக் கேட்டு, பெரிய தமிழ் எழுத்தில், தகப்பனார் பெயரோடும் ஊரோடும் காட்டுவது. ஒரே பெயர் ஒரே தெருவில் நால்வருக்கு இருக்கும் ஊர்களில் பெயர் மட்டும் போதாது.

அமர்வுகளைப் பிரித்துவிட்ட பிறகும் மீந்து நிற்பவை சில. உலாவியை மூடினால் உள்நுழைவு முடிந்தது என்ற பொது நம்பிக்கை, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி உலாவியை அமைத்திருக்கும் இடங்களில் பொய்த்துப்போகிறது. மறுநாள் காலையில் திறந்தால் நேற்றைய ஆளின் கணக்கு அப்படியே விரிகிறது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று உலாவி கேட்கும்போது அவசரத்தில் ஆம் என்று அழுத்தியதெல்லாம் சேர்ந்து ஊராரின் சாவிக்கொத்தாகிவிடுகிறது. பதிவிறக்கக் கோப்புறையோ, தனியே மாற்றி அமைத்தாலொழிய, எல்லாப் புரொஃபைலுக்கும் பொதுவானது. மாதக்கணக்கில் அச்செடுக்க இறக்கிய இ-ஆதார் கோப்புகள் அதில் வரிசையாகக் கிடக்கும். அவற்றுக்குப் பாஸ்வேர்டு உண்டென்பது உண்மையே. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருஷமுமே அந்தப் பாஸ்வேர்டு என்பதும், பெயர் கோப்புக்கு அருகிலேயே அச்சடித்த தாளில் கிடக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. அந்தக் கோப்புறையை நாள்தோறும் காலி செய்வது, குக்கீகளைப் பிரிப்பதற்குச் சற்றும் குறையாத கடமை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இந்தக் கேள்வியின் வேர் உலாவியில் இல்லை என்ற என் முடிவையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் மற்றொருவருக்காகக் காரியம் செய்கிறார் என்பதே இங்கே அடிப்படை உண்மை. அந்த உண்மையைத் தளம் அறிந்துகொள்ள மறுக்கும்போது, செய்பவர் மற்றவருடைய வேஷத்திலேயே உள்ளே நுழைய நேர்கிறது. பல வேஷங்களை ஒரே உடம்பில் மாற்றி மாற்றிப் போடும்போதுதான் கலப்பு உண்டாகிறது. வணிகர்கள் விஷயத்தில் சர்க்கார் இதை நன்கு உணர்ந்திருக்கிறது. 2017 ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோதே, வரி கட்டுபவர் தமக்காக ஒரு ஜி.எஸ்.டி. பிராக்டிஷனரை நியமிக்கலாம், அவர் தம் சொந்தப் பெயரில் நுழைந்து தம்முடைய கட்சிக்காரர்களின் கணக்குகளைச் சமர்ப்பிக்கலாம் என்று சட்டத்திலும் தளத்திலும் இடம் வைக்கப்பட்டது. வருமான வரித் தளத்திலும் ஆடிட்டருக்கும் பிரதிநிதிக்கும் தனி வாசல் உண்டு. கும்பகோணத்தில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் குமாஸ்தா, பித்தளைப் பாத்திரக் கடைக்காரர் பத்துப் பேருடைய கணக்கைப் பார்த்தாலும், அவர்களில் ஒருவருடைய பாஸ்வேர்டைக்கூட அறிய வேண்டியதில்லை. பக்கத்துக் கிராமத்தில் பத்து விவசாயிகளுக்காக உட்காரும் ஒருவருக்கோ, பல தளங்களில் பத்துக் கைபேசிகளின் ஓடிபியைத் தவிர வேறு வழி இல்லை. சான்றிதழ்களிலும் காப்பீட்டிலும் மையத்தின் பெயரிலேயே நுழைய இடம் தந்திருப்பது இந்தத் திசையில் எடுத்து வைத்த நல்ல அடி. அதை எல்லாத் தளங்களுக்கும் விரிப்பதோடு, இன்னார் எனக்காக இந்தக் காரியத்தை இந்தத் தேதி வரையில் செய்யலாம் என்று விவசாயி தாமே எழுதிக் கொடுக்கவும், வேண்டாமென்றால் திரும்பப் பெறவும் வசதி வேண்டும். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இறந்துபோனாலோ செயலிழந்தாலோ அவருடைய உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமித்து வைக்க இடந்தருகிறது. உயிரோடும் சுயபுத்தியோடும் இருந்து, போன் மட்டும் திருப்பூரில் இருக்கும் மனிதருக்கு அதனால் அனுகூலம் இல்லை.

படுகையில் இது இன்னும் ஒரு படி சிக்கலாவது குத்தகை நிலங்களில். கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரிய வயல்களைத் தலைமுறையாகச் சாகுபடி செய்துவருகிறவர்கள் இங்கே ஏராளம்; வெளியூரில் குடியேறிவிட்ட மிராசுதாரர்களின் நிலத்தை வாய்மொழியாக ஏற்று உழுகிறவர்களும் உண்டு. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கு 1969 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டும், பதியாமலே உழுகிறவர்கள் பலர். அப்படி உழுகிற ஒருவர் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகும்போது, சிட்டாவில் இருப்பது ஒருவர் பெயர், அடங்கலில் இருக்க வேண்டியது மற்றொருவர் பெயர், விண்ணப்பத்தை அடிப்பவர் மூன்றாமவர். ஒரு கைபேசி எண்ணும் ஓர் ஓடிபியும் கேட்கிற திரையில் இந்த மூவரில் ஒருவர்தான் நிற்க முடியும். யார் நிற்பது என்பதைப் பொறுத்து நெல்லுக்கான பணம் யாருடைய வங்கிக் கணக்கில் ஏறும் என்பதும் தீர்மானமாகிறது. தமிழ்நாட்டில் 2025 ஆம் ஆண்டிலிருந்து முகாம்கள் வைத்து விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணி நடந்துவருகிறது. நிலத்துக்குரியவர், சாகுபடி செய்கிறவர், அவருக்காக மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பிக்கிறவர் ஆகிய மூவருக்கும் அந்தப் பதிவேட்டில் தனித்தனி இடம் வைப்பதற்கு ஏற்ற காலம் இதுவே; பட்டாதாரர்களின் பெயரில் மட்டும் எண்கள் நிரம்பிய பிறகு குத்தகைதாரர்களைச் சேர்க்கப் புகுந்தால், ஒவ்வொரு புல எண்ணையும் கிராம நிர்வாக அலுவலர் மறுபடி எடுத்து வைத்து, யார் உழுகிறார் என்று வயலுக்கு வயல் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.